கிணறு அக்காவுக்கு, குழி தங்கைக்கு

வீட்டுக் கான், அதாவது கழிவுத் தண்ணீர் போகும் வழி, அடைபடுவதற்குக் காரணம் பெண்கள் என்று நான் முதலில் நம்பினேன். அரைகுறையாக அல்ல, முழு மனதோடு நம்பினேன். தேங்காய்ப்பூ, மீன் செதில், வடிகஞ்சி, தலைமயிர் ஆகிய நான்கையும் வைத்து ஒரு பிரசங்கமே தயாரித்து வைத்திருந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் குசினி வாசலில் நின்று அதை ஒப்புவிப்பேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். அது மரியாதை என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்மையில் எங்கள் பட்டினசபைக்கு ஒரு யந்திரம் வந்திருக்கிறது. சுருள் கம்பியைக் கானுக்குள் விட்டுக் கைபிடியைச் சுற்றினால் அது தன் பாட்டில் வளைந்து வளைந்து போகிறது. ஓய்வு பெற்றவன் ஒருவன் பார்த்து வயிறெரியட்டும் என்றோ என்னவோ, சபை வேலைகளை மேற்பார்க்கும் இளம் ஓவசியர்மார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"அண்ணை, உது இல்லாத காலத்திலை என்னண்டு சமாளிச்சனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார்.

"பயந்துதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பத்தாறில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாய்வு பிடிக்கப் படித்தேன், நீர்மட்டம் பார்க்கப் படித்தேன், மேசன்மாரோடு சண்டை பிடிக்கப் படித்தேன். மூன்றாவதில் கடைசிவரை சித்தியடையவில்லை. பிறகு வடகரையோரத்துப் பட்டினசபை ஒன்றுக்கு ஓவசியராக அனுப்பினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி கதிரவேலு ஐயா. வேலைப்பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. ஊரில் அவரைச் 'சுப்பிரிண்டன்' என்பார்கள்.

கதிரவேலு ஐயா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் கூடக்கூட அவருக்குச் சொற்கள் குறையும். 'நீர் என்ன நினைக்கிறீர்?' என்று முழுதாகக் கேட்டால் நல்ல மனநிலை. 'ம்?' என்று மட்டும் கேட்டால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம். ஒரு வீட்டுக்குப் போனதும் முதலில் கதிரை ஒன்று கேட்பார். கொண்டுவந்து வைத்தால் அதில் இருக்க மாட்டார். தொப்பியைக் கழற்றி அதில் வைப்பார். பிறகு நின்றபடியே விசாரணை தொடங்கும்.

"தண்ணி எப்ப தொடக்கம் நிக்குது?"

வீட்டார் சொல்வார்கள்.

"இந்த வீட்டிலை என்னென்ன கட்டினனீங்கள்?"

"ஒண்டும் கட்டேல்லை ஐயா."

எல்லா வீட்டிலும் இதே மறுமொழிதான். புதிதாகக் கட்டினதைச் சொன்னால் வீட்டுக்குக் கட்டும் சோலைவரி கூடிவிடும் என்ற பயம். ஐயா அதற்கு மேல் கேட்க மாட்டார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார். சுவரின் பூச்சு எங்கே நிறம் மாறுகிறது, நிலம் எங்கே அரை விரல் உயர்கிறது, ஓடு எங்கே பாசி பிடிக்காமல் இருக்கிறது என்று பார்ப்பார். ஒன்றும் கட்டாத வீட்டில் குறைந்தது ஒரு அறையாவது புதிதாக இருக்கும்.

என் பிரசங்கம் அவர் காதில் விழுந்தது ஒரு மீன் வியாபாரி வீட்டில். அந்த வீட்டுக்கார அம்மாவிடம் மீன் செதிலின் தீமைகளைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஐயா கானின் ஒரு இடத்தைக் காட்டி உடைக்கச் சொன்னார். குழாயின் வடிவத்திலேயே இறுகிய சீமெந்துக் கட்டி ஒன்று வெளியே வந்தது. குசினி நிலத்துக்குப் பூசிய மேசன் வேலை முடிந்ததும் சாந்துச் சட்டியைக் கானுக்குள் கழுவி ஊற்றியிருக்கிறார்.

அந்த அம்மா கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, நாங்கள் சோறுதான் தின்னுறனாங்கள். சீமெந்து தின்னுறேல்லை" என்றார்.

என் பிரசங்க வாழ்க்கை அன்றோடு முடிந்தது. திரும்பும் வழியில் ஐயா சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு, "வீட்டுச் சனம் போடுறது பிந்தியாவது போகும். மேசன் போட்டது போகாது" என்றார். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். ஒரு மூடநம்பிக்கையை விட்டவனுக்கு இன்னொன்று உடனே தேவைப்படுகிறது. எங்கே கான் அடைபட்டாலும் 'கடைசியாக் கட்டினது எது?' என்று பார்த்து அதன் தலையில் பழியைப் போடுவதுதான் என் புது மதம். பல தடவை சரியாகவும் வந்தது. கான் மூடிக்கு மேலேயே சாமியறை கட்டிய வீடு ஒன்றில், நான் தலை தோய்ந்துவிட்டு வந்து தெய்வங்களிடம் மன்னிப்புக் கேட்டுப் படங்களை நகர்த்தி நிலத்தை உடைத்தேன். அடைப்பு சரியாக அதற்குக் கீழேயே இருந்தது. அதன் பிறகு என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நெஞ்சு நிமிர்ந்த ஓவசியருக்குக் காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது.

இனித் தண்டையல் வீட்டுக்கு வருகிறேன்.

தண்டையல் என்றால் பாய்க்கப்பலை நடத்துகிறவர். இவர் தொண்டைமானாற்றுப் பக்கத்துக்காரர். கடலை விட்டுக் கரையேறி முதுமையில் இருந்தார். இரண்டு பெண்கள். மூத்தவர் பூமணிக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தார். பல வருடங்களுக்குப் பிறகு அதே வளவில் ஒரு பகுதியைப் பிரித்து இளையவர் தங்கமணிக்குக் கொடுத்து அங்கேயும் ஒரு வீடு கட்டுவித்தார். நடுவே மதில். பங்கு பிரித்ததில் கிணறு அக்காவின் பக்கம் விழுந்தது. அக்கா வீட்டுக் கழிவுத் தண்ணீர் போய்ச் சேரும் குழி தங்கையின் பக்கம் விழுந்தது. காணி உறுதியில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. கிணற்றில் தங்கைக்குப் பங்கு, குழிக்குப் போக அக்காவின் கானுக்கு வழி. தங்கை தண்ணீர் அள்ள வருவதற்கு மதிலில் ஒரு சிறிய கதவு.

மதில் கட்டி ஒரு வருடமாகவில்லை, பூமணியின் கான் அடைபட்டது. குசினித் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் முற்றத்தில் தேங்கிக் கிணற்றடியை நோக்கி ஊரத் தொடங்கின. மதில் கட்டும்போது தங்கை தன் குழாயை நசித்துவிட்டாள் என்று பூமணி முடிவு செய்தார். "என்ரை கானை நீ அடைச்சாய், உன்ரை கதவை நான் அடைக்கிறன்" என்று சொல்லி அந்தச் சிறிய கதவுக்கு ஒரு ஆமைப்பூட்டுப் போட்டுத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கடற்கரையோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லா வளவிலும் வாய்க்காது. தங்கமணியின் பக்கத்தில் தோண்டினால் உவர். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் கிணற்றுக்கு நடந்தார். என்னைக் கண்டதும் மதிலுக்கு மேலால் சொன்னார்: "ஓவசியர், உவரிலை பருப்பு அவியுதில்லை. பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது? என்ரை மதில்தான் பிழையெண்டால் சொல்லுங்கோ, நானே இடிக்கிறன். இல்லையெண்டால் அந்தக் கதவைத் திறப்பியுங்கோ."

பூமணி குசினிக்குள் இருந்து, "இடிக்கிறன் எண்டு சொல்லுறவள் இடிக்க மாட்டாள்" என்றார்.

"உன்னோடை ஆர் கதைச்சது? நான் கவுண்மேந்தோடை கதைக்கிறன்."

கவுண்மேந்து என்பது நான். என்னோடு கூட வந்தவர் சின்னத்துரை அண்ணை. சபையில் பழம் தொழிலாளி, வாயும் பழையது. பிரம்புத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக் குசினிக் கானுக்குள் தள்ளினோம். ஒரு இடத்தில் முட்டியது. வெளியே இழுத்து அதே நீளத்துக்குப் பிரம்பை நிலத்தில் கிடத்திப் பார்த்தால் நுனி சரியாக மதிலில் போய் நின்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பூமணி என் முகத்தைப் பார்த்தார். நான் நீதவான் மாதிரித் தலையை ஆட்டினேன்.

"மதிலாத்தான் இருக்கும்" என்றேன்.

மெல்லிய பிரம்பு குழாய்க்குள் முட்டினால் மடிந்து சுருளும், நீளம் ஒன்றையும் நிரூபிக்காது என்பதை நான் நினைக்கவில்லை.

மதிலை இடிக்க முன்னர் நிறம் விட்டுப் பார்ப்பது எங்கள் முறை. உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் கானுக்குள் ஊற்றி, அது எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்க்க வேண்டும். கிணற்றடி வாளியை வாங்கி ஒரு கை நிறைய நீலத்தைக் கரைத்தேன். குறைவாகப் போட்டால் தெரியாமல் போய்விடும் என்ற நல்லெண்ணம். ஊற்றினேன். தங்கமணியின் பக்கம் போய்க் குழியைத் திறந்து பார்த்தேன். நீலம் இல்லை. திரும்பி வந்து பார்த்தேன். குசினிக் கானில் நின்ற நீலமும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே வரவுமில்லை, இங்கே நிற்கவுமில்லை. எங்கே போகிறது?

அந்த நேரம் பார்த்து எனக்குத் தேத்தண்ணீர் வைக்கப் பூமணி கிணற்றில் அள்ளினார். "ஐயோ!" என்று ஒரு சத்தம்.

வாளிக்குள் தண்ணீர் நீலம்.

கான் கிணற்றைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் தண்ணீரை மறைத்து வைக்காது, ஓட்டையால் விட்டுவிடும் என்பதும் தெரியும். அடைபட்ட கானின் அழுக்கு முழுவதும் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று என் மூளை ஒரு விநாடியில் கட்டி முடித்துவிட்டது. மதில் கட்டுகிறவர்கள்கூட இவ்வளவு விரைவாகக் கட்டுவதில்லை. காலை முழுவதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வைத்த தேத்தண்ணீரைக் கேட்டுக் கேட்டுக் குடித்திருந்தேன். வயிற்றில் ஒரு குத்து. நெற்றியைத் தொட்டேன், சூடு. அழுக்குத் தண்ணீரால் வரும் நெருப்புக்காய்ச்சலின் குணங்குறிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவை, எனக்கு வரிசை பாராமல் வந்தன.

"ஒருத்தரும் குடியாதேங்கோ! கிணறு பழுதாப் போச்சு! சபையாலை மூடித்தான் விடவேணும்!" என்று வீட்டுக்கு வெளியே உள்ள ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தினேன்.

மதிலுக்கு மேலால் தங்கமணியின் தலை எழும்பியது. "நல்லதாப் போச்சக்கா, இனி உடுப்புக்கு நீலம் வாங்கத் தேவையில்லை."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். கிணற்றை மூடினால் கதவு திறந்தும் பலனில்லை. முகம் கறுத்தது. தலை கீழே போய்விட்டது.

கிணறு குசினிச் சுவரோடு ஒட்டியிருந்ததால், கான் அதைத் தொடும் இடம் குசினிக்குள் இருந்தது. அதற்கு மேலே பளபளவென்று சிவப்புச் சீமெந்து நிலம். காலையில் அதில் உளி வைக்கவே பூமணி விடவில்லை. "என்ரை கலியாணத்துக்குப் போட்ட நிலம். கால் வழுக்கினாலும் பறவாயில்லை, காயம் படக் கூடாது" என்றவர், இப்போது அவரே வந்து நின்று, "உடையுங்கோ. என்ன வெடிச்சிருக்கெண்டு பாருங்கோ" என்றார்.

சின்னத்துரை அண்ணையிடம் உளியைக் கொடுத்துவிட்டு நான் ஐயாவிடம் ஓடினேன். பூட்டியிருந்த சைக்கிளில் பூட்டுத் திறக்காமல் ஏறியதில் சைக்கிள் நின்றது, நான் போனேன். முழங்கால் தோல் உரிந்தது. அதைப் பார்த்து, நஞ்சு காலுக்கு இறங்கிவிட்டது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

சபைக் கந்தோரில் ஐயா ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தார்.

"ஐயா, தண்டையல் வீட்டுக் கிணறு நீலமாப் போச்சு."

"முழுக் கிணறுமோ?"

"வாளியிலை வந்தது நீலம் ஐயா."

"நீர் கிணத்துக்குள்ளை எட்டிப் பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. ஒழுங்கை முழுவதும் கத்த நேரம் கிடைத்தவனுக்கு இரண்டடி தள்ளி நின்ற கிணற்றை எட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

"ம்" என்றார் ஐயா. தொப்பியை எடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கைச் சனம் வாசலில் நின்றது. சின்னத்துரை அண்ணை சிவப்பு நிலத்தில் ஒரு ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் எடுத்துவிட்டார். மூத்த மகளோடு இருந்த தண்டையல் ஒரு சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஐயா கதிரை கேட்டார். தொப்பியை வைத்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அடியில் கிடந்த கல்லின் வரிகூடத் தெரிந்தது.

"வேறை ஏதும் ஏனம் இருக்கோ பிள்ளை?" என்று பூமணியிடம் கேட்டார். குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். வந்தது பளிங்கு மாதிரித் தண்ணீர். ஒரு கை அள்ளி வாய் கொப்பளித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீலத்தை எதிலை கரைச்சனீர்?"

"வாளியிலை ஐயா."

"எந்த வாளி?"

நான் கப்பியில் தொங்கிய வாளியைப் பார்த்தேன். வாளியும் என்னைப் பார்த்தது. அடியிலும் ஓரத்திலும் கரையாத நீலம் அப்பிக்கிடந்தது. கழுவாமல் கொண்டுபோய்த் தொங்கவிட்டவன் வேறு யார்?

வாசலில் நின்ற சனம் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பள்ளத்துக்குள் இருந்து சின்னத்துரை அண்ணை தலையை நீட்டி, "தம்பி, இப்ப வயித்துக்குத்து எப்பிடி?" என்றார். உண்மையில் அது போயிருந்தது.

பூமணி சிரிக்கவில்லை. "அப்ப என்ரை நிலத்தை ஏன் உடைச்சனீங்கள்?"

நான் பள்ளத்தைப் பார்த்தேன். பள்ளத்துக்குள் ஒளிவதற்கும் இடமில்லை, சின்னத்துரை அண்ணை நின்றார்.

"உடைச்சது உடைச்சாச்சு. குழாயைப் பாத்திட்டு மூடுவம்" என்றார் ஐயா. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவரே பள்ளத்துக்குள் இறங்கினார். சுட்ட மண்குழாயின் ஒவ்வொரு துண்டையும் திறப்புக் கோர்வையால் மெல்லத் தட்டிக்கொண்டு போனார். முதல் துண்டு 'தொம்' என்றது. உள்ளே தண்ணீர். இரண்டாவதும் 'தொம்'. பொருத்து ஒன்றைக் கடந்ததும் 'டிங்' என்றது. வெறுங்குழாய். அந்தப் பொருத்தில் ஈரம் கசிந்து அடிமணல் நீலமாக நனைந்திருந்தது. நீலம் போன இடம் அதுதான். கிணற்றுச் சுவர்வரை போகவில்லை.

"மதில் இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்?" என்று என்னைக் கேட்டார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மதில் முற்றத்துக்கு அப்பால் நின்றது.

"கடைசியாக் கட்டினது மதில்தானே எண்டு நினைச்சன் ஐயா."

"நான் எப்பவாவது 'கடைசியா' எண்டு கேட்டனானோ? என்னென்ன கட்டினனீங்கள் எண்டுதான் கேக்கிறனான்."

பொருத்தை உடைத்தார்கள். ஐயா கையை விட்டு இழுத்தார். கயிறு கட்டிய சாக்குப் பந்து ஒன்று வந்தது. அரைவாசி சீமெந்தாக இறுகியிருந்தது. மீதியில் வருடக் கணக்கான எண்ணெயும் கொழுப்பும். மண்குழாய் பொருத்தும்போது மேசன் உள்ளே ஒரு சாக்குப் பந்தை வைத்து, ஒவ்வொரு பொருத்தும் பூசியதும் கயிற்றால் இழுத்துக்கொண்டு போவார். உள்ளே பிதுங்கும் சாந்தை அது துடைத்துவிடும். கடைசிப் பொருத்தோடு பந்து வெளியே வந்துவிட வேண்டும். இந்தப் பந்து வரவில்லை. சாக்கு தண்ணீரை விடும் என்பதால் பல வருடம் ஓடியிருக்கிறது. கொழுப்புப் படிந்து படிந்து கடைசி இழையும் மூடிய காலத்தில்தான் தற்செயலாக மதில் எழும்பியிருக்கிறது.

"இப்பிடி விட்டிட்டுப் போன மேசன் ஆர்?" என்று பூமணி கேட்டார். கேட்ட குரலுக்கு மேசன் எதிரே நின்றிருந்தால் தப்பியிருக்க மாட்டார்.

சாய்மனைக் கதிரையில் இருந்து தண்டையல் கண்ணைத் திறந்தார்.

"அவனைப் பேசாதை பிள்ளை. நான்தான் எழுப்பினனான்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"உன்ரை வீடு குடிபூரலண்டு விடிய அவன் உதுக்குள்ளைதான் இருந்தவன். இன்னும் ஒரு இழுவை இருக்கு தண்டையல் எண்டான். பால் காய்ச்சுற நேரம் வந்திட்டுது. காத்தும் நேரமும் ஆருக்கும் நிண்டதில்லை, மண்ணைப் போட்டு மூடிப்போட்டு எழும்படா எண்டனான். மாப்பிள்ளை பகுதி வாசலிலை நிண்டது. நிலத்தைக் கலியாணத்துக்கு முதல் பூசிப்போட்டாங்கள். பிறகு நான் கடலுக்குப் போட்டன்."

பூமணி சாக்குப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதிலுக்கு மேலால் தங்கமணியின் தலை வரும், ஒரு சொல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். தலை வந்தது. சொல் வரவில்லை. இடுப்பில் குழந்தை.

அந்தத் துண்டுக் குழாயை மாற்றிப் பொருத்தைப் பூசினோம். உள்ளே வைத்த புதுச் சாக்குப் பந்தைக் கடைசிவரை இழுத்து வெளியே எடுத்ததை ஐயா தன் கண்ணால் பார்த்த பிறகுதான் மண் போட விட்டார். வாளியை நான் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தங்கமணியின் பக்கத்துக் குழியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மதிலில் ஒரு கல்லும் அசையவில்லை.

பூமணி இடுப்பில் இருந்த திறப்பை எடுத்து ஆமைப்பூட்டைத் திறந்து, பூட்டையும் திறப்பையும் தகப்பனின் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். பின்னேரம் தங்கமணி குடத்தோடு வந்து தண்ணீர் அள்ளிக்கொண்டு போனார். அக்காவும் தங்கையும் அன்றைக்குக் கதைக்கவில்லை.